ஒத்தத் தலவலியா? பிடரியையும் கொஞ்சம் பாருங்க

மூணு வருஷமா வலது பக்கம் மட்டும் தலவலி, கண்ணுக்குப் பின்னாடி இழுக்குதுன்னு ஒரு அக்கா காரைக்குடியில எங்கிட்ட பிசியோவுக்கு வந்தாங்க. கண்ணாடி மாத்தியாச்சு, சைனஸ்னு ஆவி புடிச்சாச்சு, திருஷ்டி கூட கழிச்சாச்சாம். என்ன வேலக்கா பாக்குறீங்கன்னேன், கொட்டான், அதான் பனையோலைக் கூடை, பின்னுறேன்னாங்க. ஓலைய மடியில வச்சுக் குனிஞ்சா மத்தியானச் சோத்துக்குத்தான் நிமிருறது. (கொட்டானுக்கு புவிசார் குறியீடெல்லாம் வாங்கியாச்சு, பின்னுறவங்க கழுத்துக்குத்தான் ஒண்ணும் வாங்கல.) பிடரிக்கு மேல மண்டையோடு முடியுற எடத்துல வெரல வச்சு அழுத்துனேன், "அய்யோ தம்பி, இதே வலிதான், கண்ணுக்கு வருது"ன்னாங்க.

கழுத்தோட மேல் 3 நரம்பும் முகத்துக்குப் போற நரம்பும் மூளைத்தண்டுல ஒரே எடத்துல வந்து சேருது. நம்மூரு வீட்டுல நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் ஒரே முற்றத்துல விழுமே, விழுந்தப்புறம் எது எந்த ஓட்டுத் தண்ணின்னு சொல்ல முடியுமா, அந்தக் கததான், கழுத்துல கெளம்புன வலிய மூளை நெத்தின்னும் கண்ணுன்னும் எடுத்துக்குது.

தல கிட்டத்தட்ட 5 கிலோ. 5 கிலோ அரிசிப் பைய நெஞ்சோட அணைச்சுப் புடிக்கிறதுக்கும் கைய நீட்டிப் புடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிமிந்து இருக்குறதும் குனிஞ்சே இருக்குறதும். அதுக்காக குனிஞ்சவங்களுக்கெல்லாம் தலவலி வரும்னு இல்ல, நாள் பூரா தூண் மாதிரி வெறச்சு உக்காருங்கன்னும் நான் சொல்ல மாட்டேன், அதுவும் வலிக்கும். அசையாம ஒரே மாதிரி இருக்குறதுதான் வம்பு, அது ஓலையா இருந்தாலும் சரி, திண்ணையில சாஞ்சுக்கிட்டு பாக்குற செல்லா இருந்தாலும் சரி.

அந்த அக்காவுக்கு பெருசா ஒண்ணும் பண்ணல. மடியில ஒரு பலகைய வச்சு வேலைய ஒசத்துனோம், அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கச் சொன்னேன், தாடைய மேல தூக்காம நேரா பின்னாடி தள்ளி 5 செகண்டு நிறுத்துறது, 10 தடவ, தெனம் ரெண்டு மூணு வேள. ஆறு வாரத்துல வலி பாதிக்கு மேல கொறஞ்சுது. மெடிக்கல்ல வாங்கிப் போட்ட மாத்திரைய டாக்டர்கிட்ட காட்டிக் கொறைச்சாங்க, மாசத்துல பாதி நாளு வலி மாத்திரை போட்டா அந்த மாத்திரையே தலவலியக் கொண்டு வரும்.

முடிவெட்டுற எடத்துல கழுத்த மடக்குன்னு திருப்பிச் சொடக்கு எடுக்குறது மட்டும் வேணாங்க, கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழியலாம், அபூர்வம்தான், ஆனா பக்கவாதம் வரைக்கும் போகும்.

திடீர்னு இடி மாதிரி வர்ற தலவலி, காய்ச்சலோட கழுத்து வெறைக்கிறது, வாய் கொழர்றது, கைகால் மரத்துப்போறது, அடிபட்டப்புறம் வர்றது, 50 வயசுக்கு மேல புதுசா வர்றது, இதுக்கெல்லாம் எங்கிட்ட வராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.

அக்கா போன வாரம் திரும்ப வந்தாங்க. இந்தத் தடவ மகனையும் இழுத்துக்கிட்டு, ரெண்டு தலகாணிய அடுக்கி வச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்லு பாக்குறானாம்.