இரைச்சலோடு சிரிப்பையும் துடைத்துவிடாதீர்கள்

பழைய இசைத்தட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருவது என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஒரே ஒரு ரெக்கார்டை வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கி அனுப்பியதாம். 1922இல் ஓகே என்ற ரெக்கார்டு நிறுவனம் அங்கு வெளியிட்ட சிரிப்பு ரெக்கார்டு அது. பதிவு நடந்தது ஜெர்மனியில். கார்னெட் என்ற ஊதும் பித்தளை வாத்தியத்தின் சோகமான வாசிப்போடு தொடங்கும். வாசிப்பவர் ஓரிடத்தில் தடுமாற, ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிடுவாள். அவர் விடாமல் வாசிக்கப் பார்ப்பார். முடியாது. அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொள்ள, கடைசியில் இரண்டு பேரும் அடக்கமாட்டாமல் சிரிப்பார்கள். அவ்வளவுதான் மொத்த ரெக்கார்டும்.

நான் அப்போது புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தேன். ‘டக் டக்’ சத்தங்களை நீக்கும் வசதியை உச்சத்துக்கு ஏற்றி, இரைச்சலையும் வழித்தெடுத்து, பெருமையோடு அனுப்பிவைத்தேன். மறுநாள் அவர் ஃபோன் செய்தார். “சார், ரொம்பச் சுத்தமா இருக்கு. ஆனா கேட்டா சிரிப்பே வரலையே?”

உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது சரி. அந்த மென்பொருள் திடீரென்று எகிறும் ஒலி முனைகளைத் தேடிப் பிடித்து ராவிவிடும். கீறலின் சத்தம் அப்படித்தான் எகிறும். ஆனால் கார்னெட் போன்ற பித்தளை வாத்தியங்களின் ஒலியும் அப்படித்தான் எகிறும், களுக்கென்ற சிரிப்பின் தொடக்கமும் அப்படித்தான். அதற்கு மூன்றும் ஒன்று. எல்லாவற்றையும் ராவித் தள்ளிவிட்டது. மிஞ்சியது, கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ சிரிப்பது போன்ற ஒரு சத்தம்.

அன்றிலிருந்து அந்தக் கால நகைச்சுவை ரெக்கார்டுகள் எது வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதில் இருக்கும் சிரிப்புக்கு இங்கே என்ன வேலை?

அதற்கு அமெரிக்க வாடவில் மேடையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே டிக்கெட்டில் பாட்டு, ஆட்டம், வித்தை காட்டும் நாய், பந்து வீசிப் பிடிப்பவர், நகைச்சுவைக்காரர் என்று வரிசையாக வந்துபோகும் கதம்பம் அது. ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதே பதினைந்து நிமிடத்தை ஊர் ஊராகப் போய், சில சமயம் வருடக்கணக்கில் நிகழ்த்துவார்கள். எந்தச் சொல்லுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதைக் கூட்டத்தின் சிரிப்பே கற்றுக்கொடுத்துவிடும்.

ஒலிப்பதிவு அறையில் கூட்டம் இல்லை. 1925இல் மின்சார முறை வரும்வரை பெரும்பாலும் மைக்கும் இல்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புனல் குழாய்க்குள் முகத்தை நீட்டிக் கத்த வேண்டும். அந்த அதிர்வு மட்டுமே மெழுகில் தடம் கீறும். அப்போது ரெக்கார்டுகள் தட்டாக மட்டுமல்ல, மெழுகு உருளையாகவும் வந்தன. உருளையில் சுமார் இரண்டு நிமிடம், பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிடம், அதற்குள் கதையை முடிக்க வேண்டும். மேடையில் சிரிப்புக்காக விடுகிற இடைவெளியை இங்கே விட்டால், வீட்டில் கேட்பவருக்கு வெறும் கரகரப்புதான் கேட்கும். மெஷின் நின்றுவிட்டதா என்று எழுந்து பார்ப்பார்.

அமெரிக்க நகைச்சுவைக்காரர் கால் ஸ்டூவர்ட் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ‘அங்கிள் ஜோஷ்’ என்ற கிராமத்துப் பெரியவராக, நியூயார்க் போய்த் தான் விழித்த விழிப்பையெல்லாம் சொல்லும் வேடம் அவருடையது. 1890களின் பிற்பாதியிலிருந்து 1919இல் இறக்கும்வரை பல நிறுவனங்களுக்கு அதைப் பதிவு செய்தார். ஒரு செய்தி சொல்வார், உடனே தானே கடகடவென்று சிரிப்பார், அடுத்ததற்குத் தாவுவார். இன்றைக்குக் கேட்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ‘தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிறாரே’ என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இடைவெளியை நிரப்புவது அந்தச் சிரிப்புதான், மெஷின் ஓடுகிறது என்று காட்டுவதும் அதுதான், இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம் என்று சொல்வதும் அதுதான். பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்களின் பின்னணிச் சிரிப்புக்கு இவரையே பாட்டனாராகச் சொல்வேன் நான். அந்தச் சிரிப்பை வெட்டி, கதையை மட்டும் ரீல்ஸில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

இவருக்கும் முன்னால் சிரிப்பையே பிழைப்பாகக் கொண்டவர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். நியூயார்க்கில் படகுத்துறைகளில் சீட்டியடித்துக் காசு சேர்த்தவர். 1890இல் பதிவு அறைக்குள் வந்தார். அவருடைய சிரிப்புப் பாட்டில் பல்லவி முழுக்கச் சிரிப்புதான், அதுவும் தாளம் தப்பாத சிரிப்பு. அப்போது உருளைகளை அச்சு வைத்து வார்க்கும் முறை வரவில்லை. மூன்று நான்கு மெஷின்களைச் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு தடவை பாடினால் மூன்று நான்கு உருளை கிடைக்கும். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி பாட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை அந்த ஒரே சிரிப்பைச் சிரித்திருக்கிறார். 1902 வாக்கில் வார்ப்பு முறை பரவியதும் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டிய தேவை போயிற்று. பிறகு லென் ஸ்பென்சர் என்ற சக கலைஞரின் அலுவலகத்தில் வாசல் காவல் வேலை பார்த்தார். 1914இல் வறுமையில் இறந்தார்.

என் தொழிலுக்கு இதில் ஒரு முக்கியமான பாடம் உண்டு. வார்ப்புக்கு முந்தைய உருளைகளில் ஒரே தலைப்பில் இரண்டு கிடைத்தால் ‘இது டூப்ளிகேட்’ என்று ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் இன்னொரு நேரத்துப் பாடல், இன்னொரு சிரிப்பு. தொடக்கத்தில் தலைப்பையும் பாடுபவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் ஒருவர் உரக்கச் சொல்வாரே, அதையும் வெட்டாதீர்கள். பல உருளைகளுக்கு அந்தக் குரல் மட்டுமே அடையாளச் சீட்டு.

ஜான்சன் பாடிய வரிகள் கறுப்பின மக்களையே இழிவாகச் சித்திரித்தவை. வெள்ளைக்காரக் கேட்பாளர்கள் காசு கொடுத்தது அதற்குத்தான். பஹாமாஸில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் அவ்வளவு பெரிய நடிகராக இருந்தும், கறுப்பினத்தவரான அவரே முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேறினார். யூதர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர் யாரும் கேலிக்குத் தப்பவில்லை. இந்தத் தலைப்புகளைக் கோப்பின் பெயரில் மாற்றி எழுதலாமா என்று கேட்கிறார்கள். நான் மாற்றுவதில்லை. உள்ளது உள்ளபடி எழுதி, பக்கத்தில் காலமும் பின்னணியும் குறிப்பாகச் சேர்த்துவிடுவேன். குறிப்பில்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தமாஷாகச் சுற்றவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

வில்லியம்ஸின் பெயர்பெற்ற ஒரு மேடைக் காட்சி, தனியாளாகச் சீட்டாடுவது போன்ற மௌன நடிப்பு. அதைப் புனல் குழாய் எப்படிப் பிடிக்கும்? ஆனால் 1906இல் கொலம்பியா ரெக்கார்டு நிறுவனத்துக்கு அவர் பதிந்த ‘நோபடி’ பாட்டைக் கேளுங்கள். பாதி பேச்சு, பாதி முனகல், நடுவில் டிராம்போன் இழுவை. அவசரமே இல்லை. ஜோ ஹேமன் என்ற நகைச்சுவைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். 1913இல் லண்டனில் அவர் பதிந்த துண்டில், ஒரு யூத வாடகைக்காரர் வீட்டுச் சொந்தக்காரருக்கு டெலிஃபோன் செய்கிறார். காற்றில் ஜன்னல் ஷட்டர் பிய்ந்துவிட்டது என்று சொன்னால், மறுமுனைக்கு அது ‘ஷட் அப்’ என்று கேட்கிறது. நாம் கேட்பது ஒரு பக்கப் பேச்சு மட்டும். குழாய் வழியே வரும் ஒடுங்கிய குரல் இங்கே குறையே இல்லை, டெலிஃபோன் அப்படித்தானே கேட்கும்! இந்த ரெக்கார்டின் குரலை ‘செறிவூட்டித்’ தரச் சொல்லி ஒருவர் கேட்டார். மறுத்துவிட்டேன்.

வீட்டில் இத்தகைய தட்டுகள் இருந்தால் சில விஷயங்கள். சானிடைசரோ ஸ்பிரிட்டோ வைத்துத் துடைக்கவே கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கு கலந்து செய்தவை. தச்சர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்கள், உங்கள் தட்டும் அப்படியே கரையும். (உலகம் முழுக்க ரெக்கார்டுகளுக்குப் போன அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளில் சேகரித்ததுதான், குறிப்பாக இன்றைய ஜார்க்கண்ட் பக்கம்.) எல்பி தட்டுக்கான ஊசியில் ஓட்டாதீர்கள். 78 தட்டின் தடம் அகலமானது, எல்பியின் மெல்லிய ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும். மெழுகு உருளையை வெளிப்பக்கம் தொடாமல், உள்ளே இரண்டு விரல் விட்டு விரித்துத் தூக்குங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள்.

வேகம் இன்னொரு தலைவலி. 78 என்று நாம் சொன்னாலும் அந்தக் காலத் தட்டுகள் பல அதைவிட மெதுவாகப் பதிவானவை. அப்படியே 78இல் ஓட்டினால் அங்கிள் ஜோஷ் வாத்து மாதிரி பேசுவார். ‘அந்தக் காலத்தில் எல்லாருக்கும் கீச்சுக் குரல்’ என்ற எண்ணம் பாதி இப்படி வந்ததுதான்.

தட்டு இல்லாதவர்களும் இவற்றைக் கேட்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸிலும், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழக உருளைக் காப்பகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் பதிப்புரிமையும் இல்லை.

சரி, அந்த ஓகே ரெக்கார்டு என்ன ஆயிற்று? முதலில் எடுத்த சுத்தம் செய்யாத பதிவை நான் அழித்திருந்தேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. அன்று வேறு வழியில்லாமல் அவரிடம் தட்டை மறுபடி அனுப்பச் சொன்னேன். கூரியரில் வந்தபோது விளிம்பில் நகக்கண் அளவு உடைந்திருந்தது. தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடுவதால் அடி விழுந்தது தொடக்கத்தில். இப்போது சோக கார்னெட் வாசிக்கும் முதல் சில நொடிகளுக்குச் சுற்றுக்கு ஒரு ‘டொக்’ விழுகிறது. அதைக் கையால் ஒவ்வொன்றாக நீக்கிவிட முடியும். அவரிடம் கேட்டேன். “இருக்கட்டும் சார், அவன் வாசிக்கறதுக்கு யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு” என்றார்.