டவ்லண்ட் வாசிக்க எந்த லூட்? கடைக்குப் போகும் முன் ஏட்டைப் பாருங்கள்

சென்ற குளிர்காலத்தில் ஒருவர் என் பட்டறைக்கு லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம் ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தால், தந்திகளைப் பிடித்திருக்கும் குதிரை தனியாகப் பிய்ந்து, தந்திகளோடு சுருண்டு கிடந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் மேல்பலகையின் மரம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. நான் வாய் திறக்கும் முன் அவரே சொல்லிவிட்டார்: "கிட்டார் தந்தி போட்டேன் சார்."

கிட்டாரின் நைலான் தந்தி ஒவ்வொன்றும் சுமார் ஏழு கிலோ இழுக்கும். கிட்டாரில் ஆறு தந்திதான், தாங்கிக்கொள்ளும். இவருடைய லூட்டில் பதினைந்து தந்திகள். ஒன்றுக்கு மூன்று கிலோ இழுவை என்ற கணக்கில் செய்த வாத்தியத்தில் ஏழு ஏழாக ஏற்றினால் மொத்தம் நூறு கிலோவைத் தாண்டிவிடும். அந்தப் பலகையின் கனமோ ஒன்றரை மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. குதிரை மட்டும் போனதே அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பழுது பார்க்க வருகிறவர்களில் பலர் கிட்டாரிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: எலிசபெத் காலத்து ஆங்கில இசை, முக்கியமாக ஜான் டவ்லண்ட் என்ற லூட் இசையமைப்பாளர். ஆசை சரி. ஆனால் முதலில் வாத்தியத்தை வாங்கிவிட்டு, அதில் என்ன வாசிக்கலாம் என்று பிறகு தேடுகிறார்கள். லூட் விஷயத்தில் இது தலைகீழ் வேலை. 1550-இல் ஒரு லூட், 1600-இல் இன்னொன்று, 1650-இல் வேறொன்று. பெயர் மட்டும்தான் ஒன்று.

உறுப்புகளுக்கு வீணைக்காரர்களின் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன்: குடம் (உடல்), தண்டி (கழுத்து), மெட்டு (விரல் அழுத்தும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கட்டு), பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி), குதிரை. லூட்டுக்கு அவை அப்படியே பொருந்துகின்றன. குடலை முறுக்கிச் செய்த தந்திக்கு நரம்பு என்ற சொல் யாழ் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது.

லூட்டில் தந்திகள் ஜோடி ஜோடியாக ஓடும். மேலே உள்ள முதல் தந்தி மட்டும் வழக்கமாக ஒற்றை, அதையும் ஒரு ஜோடி என்றே எண்ணுவோம். ஆகவே ஆறு ஜோடி லூட்டில் பதினொரு தந்தி, ஏழு ஜோடியில் பதின்மூன்று, பத்து ஜோடியில் பத்தொன்பது. எட்டாம் ஹென்றி காலத்தில் ஆறு ஜோடி போதுமாக இருந்தது. எலிசபெத் ஆட்சியின் பின்பாதியில் ஏழாவது சேர்ந்தது. 1600-க்குப் பிறகு கீழ்ப்பக்கம் ஒவ்வொன்றாகக் கூடி ஒன்பது, பத்து என்று போனது. ஜோடிகளை எண்ணினாலே அது எந்தக் காலத்து வாத்தியம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

உங்களுக்கு எத்தனை தேவை என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், அந்த இசையை எழுதி வைத்த ஏட்டிடம் கேளுங்கள். அந்தக் கால லூட் இசை ஸ்வரக் குறியீட்டில் இல்லை, எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்று காட்டும் டேப்லச்சரில் இருக்கிறது. ஆறு கோடுகள், கோட்டின் மேல் எழுத்துகள். ஏ என்றால் வெறுந்தந்தி, பி முதல் மெட்டு, சி இரண்டாவது, இப்படியே போகும். பழைய கையெழுத்தில் சி பார்ப்பதற்கு ஆர் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். ஆறு கோடும் முதல் ஆறு ஜோடிக்கு. ஏழாவதற்குக் கோடு கிடையாது, எழுத்தைக் கடைசிக் கோட்டுக்குக் கீழே தொங்கவிடுவார்கள். எட்டாவதற்கு அந்த எழுத்தின் முன் ஒரு சாய்கோடு, ஒன்பதாவதற்கு இரண்டு, பத்தாவதற்கு மூன்று.

ஆக, வாசிக்க ஆசைப்படும் பத்துப் பாடல்களின் ஏடுகளைப் பரப்பி வைத்து, கடைசிக் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இசை தெரியாதவர்கூட அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஒன்றுமே இல்லையென்றால் ஆறு ஜோடி. சாய்கோடு இல்லாத எழுத்து மட்டும் இருந்தால் ஏழு. சாய்கோடுகள் கூடக் கூட வாத்தியமும் பெரிதாகிறது.

இன்னொரு நுணுக்கமும் அங்கேயே கிடைக்கும். கோட்டுக்குக் கீழே டி என்ற எழுத்து அடிக்கடி வந்தால், ஏழாவது ஜோடியை மூன்றாவது மெட்டில் அழுத்தச் சொல்கிறார்கள் என்று பொருள். ஜி சுருதி லூட்டில் (முதல் தந்தி ஜி ஸ்வரம்) ஏழாவதை டி ஸ்வரத்துக்கு இறக்கி வைத்தால், மூன்றாம் மெட்டில் எஃப் வரும். இரண்டு கீழ் ஸ்வரங்களும் ஒரே ஜோடியில் கிடைத்துவிடுகின்றன. இன்றைய எட்டு ஜோடி லூட்டில் ஏழாவதை எஃப், எட்டாவதை டி என்று பிரித்து வைக்கிறோம். விரலுக்கு வேலை குறைவுதான். ஆனால் கோட்டுக்குக் கீழே டி என்று எழுதியவர் கையில் ஏழு ஜோடி லூட் இருந்தது என்பது அந்த ஒரு எழுத்திலேயே தெரிகிறது.

ஏடுகளுக்கு அலைய வேண்டியதில்லை. மாத்யூ ஹோம்ஸ் என்ற தேவாலயப் பாடகர் ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு வெஸ்ட்மின்ஸ்டரிலும் இருந்தபோது எழுதிச் சேர்த்த லூட் ஏடுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. படங்களை இணையத்திலேயே பார்க்கலாம். ஜான் ஜான்சன், ஃப்ரான்சிஸ் கட்டிங், ஆன்டனி ஹோல்பர்ன், டவ்லண்ட் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஜேன் பிக்கரிங் என்ற பெண்ணின் ஏடு பிரிட்டிஷ் நூலகத்திலும், மார்கரெட் போர்டு என்பவரின் ஏடு லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கிலும் இருக்கின்றன. இவற்றை வரிசையாகப் புரட்டினால் கோட்டுக்குக் கீழே எழுத்துகள் பெருகிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். டவ்லண்ட் ஒருவரிடமே இந்த மாற்றம் தெரியும். 1597-இல் வெளியான அவருடைய முதல் பாடல் தொகுப்புக்கு ஏழு ஜோடி போதும். அவருடைய மகன் ராபர்ட் 1610-இல் வெளியிட்ட தொகுப்புக்குப் போனால் ஒன்பது கேட்கும்.

என் கருத்தைக் கேட்டால், டவ்லண்டின் பாடல்களும் 1600-க்கு முந்தைய தனி இசையும்தான் முக்கியம் என்பவர்களுக்கு ஏழு ஜோடி. 1610-க்குப் பிந்தைய ராபர்ட் ஜான்சன், டேனியல் பேச்சலர் பக்கம் மனம் போகிறதென்றால் பத்து. எட்டு என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சமரசம். தப்பில்லை, நானே ஒன்று வைத்திருக்கிறேன், மாணவர்களுக்கு அதையே கொடுக்கிறேன். ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதல் ஜோடி வாங்குவதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன். ஜோடி கூடினால் தண்டி அகலமாகிறது, இடது கைக்கு எட்டுவது கஷ்டம். தொடாத கீழ்த்தந்திகள் தானாக அதிர்ந்து கூடவே ரீங்கரிக்கும், அவற்றை அடக்குவதே தனி வேலை. மேல்பலகையையும் அந்தச் சுமைக்கு ஏற்றபடி பலப்படுத்த வேண்டியிருப்பதால், ஆறு, ஏழு ஜோடி வாத்தியத்தின் அந்தத் துடியான ஒலி மங்கிவிடும்.

இதில் உச்சம், பதின்மூன்று ஜோடி லூட்டோடு வந்த ஒரு அம்மா. இதில் மேல் இரண்டும் ஒற்றை, ஆக இருபத்து நாலு தந்தி, அருமையான வேலைப்பாடு. பாக், வைஸ் என்ற இசையமைப்பாளர்கள் காலத்து ஜெர்மன் வாத்தியம் அது. வெறுந்தந்திகளின் சுருதியே வேறு: மேல் ஆறு ஜோடியும் டி மைனராக ஒலிக்கும். டவ்லண்டின் ஏட்டில் உள்ள எழுத்துகளை அதில் அப்படியே வாசித்தால் ஒரு வரிகூடத் தேறாது. "பெரிசா இருந்தா எல்லாம் வாசிக்கலாம்னு நெனச்சேன்" என்றார். பாவம், வாத்தியத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருடைய ஆசைக்கும் அதற்கும் நூறு வருட இடைவெளி. அவ்வளவுதான்.

ஆங்கில இசைக்கான சுருதி அமைப்பு எளிது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே ச–ம தூரம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் மட்டும் ச–க, அதுவும் அந்தர காந்தாரம். கிட்டாரில் மூன்றாம் தந்தியை அரை ஸ்வரம் இறக்கி, மூன்றாம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் இதே அமைப்பு வந்துவிடும். லூட் வாங்குவதா வேண்டாமா என்று தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆறு மாதம் இப்படி டேப்லச்சர் படித்துப் பாருங்கள். செலவு பூஜ்யம்.

அடுத்தது அளவு. தந்தியின் அதிரும் நீளத்தைக் குதிரையிலிருந்து தலைப்பக்கக் கட்டை வரை அளக்க வேண்டும். நரம்புக்கு ஒரு எல்லை உண்டு: நீளத்தை மீட்டரில் எடுத்து அதிர்வெண்ணால் பெருக்கினால் சுமார் 260 வரும் இடத்தில் அது அறுந்துவிடும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சரி. முதல் தந்தி ஜி, அதாவது 392 ஹெர்ட்ஸ். 60 சென்டிமீட்டர் லூட்டில் பெருக்கினால் 235, நிம்மதி. 66 சென்டிமீட்டரில் 259, பிருடையைத் திருகும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே இன்றைய 440 சுருதியில் (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்) ஜி லூட் வேண்டுமென்றால் 58-க்கும் 62-க்கும் நடுவில் பாருங்கள். தாமஸ் ராபின்சன் 1603-இல் எழுதிய பாடநூலில், முதல் தந்தியை, அறுந்துவிடுமோ என்று பயப்படாமல் துணியக்கூடிய உயரம் வரை ஏற்றச் சொல்கிறார். சுருதிக்கு ஒரே அளவுகோல் இல்லாத காலம் அது. அடிக்குரல் பாடகரோடு வாசிப்பதென்றால் பெரிய லூட்டை எடுத்து இறக்கிச் சுருதி சேர்த்தால் போதும், ஏட்டில் ஒரு எழுத்துகூட மாறாது.

நரம்புத் தந்தி கட்டாயமா என்று கேட்பார்கள். இல்லை. நம் கைகளின் வியர்வைக்கும் தினசரிப் பயிற்சிக்கும் நைல்கட் போன்ற செயற்கைத் தந்தி போதும். ஆனால் உலோகம் சுற்றிய கீழ்த்தந்திகள் டவ்லண்ட் காலத்தில் கிடையாது, அவை 1660-களில்தான் வருகின்றன. அந்த நீண்ட உலோக ரீங்காரம் இந்த இசைக்கு ஒட்டாது. நரம்புத் தந்தி தடித்தால் ஒலி மங்கும் என்பதால்தான் கீழ் ஜோடிகளில் ஒரு தடித்த தந்தியோடு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தியைச் சேர்த்தார்கள். டவ்லண்டுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை, இசை இலக்கணத்துக்கு ஒவ்வாதது என்று 1610 தொகுப்பிலேயே எழுதியிருக்கிறார். மற்ற நாடுகளைவிட இங்கிலாந்தில்தான் அது அதிகம் என்றும் குறைப்பட்டிருக்கிறார். ஆகவே ஜான் ஜான்சனுக்கு மேல்ஸ்தாயி ஜோடி, பிற்கால டவ்லண்டுக்கு ஒரே ஸ்தாயி ஜோடி என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். வாத்தியத்தையே மாற்றியது போல இருக்கும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் லூட்களைப் பற்றி நீட்டிச் சொல்ல மாட்டேன். கையில் எடுத்துப் பாருங்கள்: ஏழு ஜோடி லூட் ஒரு கிலோவுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இறகு போலத் தூக்க வராவிட்டால் விட்டுவிடுங்கள். மெட்டுகள் தண்டியைச் சுற்றிக் கட்டிய நரம்பாக இருக்க வேண்டும், உலோகக் கம்பியாக அல்ல. நடுவில் உள்ள பூவேலை மேல்பலகையிலேயே செதுக்கியதா, வெட்டி ஒட்டியதா என்று பாருங்கள். ஒற்றை ஒற்றையாக ஆறே தந்தி இருந்தால் அது லூட் வேஷம் போட்ட கிட்டார். ஜெர்மனியில் நூறு வருடத்துக்கு முன் ஏராளமாகச் செய்தார்கள், இன்றும் பழைய பொருள் சந்தையில் "பழங்கால லூட்" என்ற பெயரில் வருகிறது.

நல்ல கைவினைஞரிடம் புதிதாகச் சொல்லிச் செய்தால் ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும், காத்திருக்கவும் வேண்டும். அதற்கு முன் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். இங்கிலாந்தில் 1956 முதல் இயங்கும் லூட் சொசைட்டி உறுப்பினர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது.

குதிரை பெயர்ந்து வந்தவருக்கு மீண்டும் ஒட்டி, லேசான தந்தி போட்டுக் கொடுத்தேன். ஹீட்டர் ஓடும் வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்டார். தாமஸ் மேஸ் என்ற ஆங்கில லூட் கலைஞர் 1676-இல் இதற்கு ஒரு வழி எழுதினார்: தினமும் ஆள் படுக்கும் கட்டிலில், கம்பளிக்கும் போர்வைக்கும் நடுவே வையுங்கள், விரிப்புக்குள் மட்டும் வேண்டாம், வியர்வை ஈரம் ஏறும். சரியான ஈரப்பதமும் சூடும் அங்கே இருக்கும் என்பது அவர் கணக்கு. கட்டிலில் லூட் இருப்பது தெரியாமல் மேலே விழுந்து பல நல்ல லூட்கள் நாசமானதையும் அவரே அடுத்த வரியில் சொல்கிறார். நான் பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு ஈரப்பதமானி போடச் சொன்னேன். 45 சதவீதத்துக்கும் 55-க்கும் நடுவில் நின்றால் போதும்.