ஷன்ட் வைத்த பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால்

"ஒப்பரேசன் முடிஞ்சுதுதானே டொக்டர், பிறகும் ஏன் உதடு நீலமாக் கிடக்கு?" கொழும்பில் பிள்ளைக்கு ஷன்ட் வைத்துக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குத் திரும்பும் தாய்மார் கேட்பது இது. நியாயமான கேள்விதான். ஷன்ட் என்பது நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோக வைக்கும் சின்னக் குழாய், அது இதயக் குறையைத் திருத்துவதில்லை.

சில பிள்ளைகளுக்கு நுரையீரல் நாடிகள் நூல்போல இருக்கும். போதிய இரத்தம் ஓடாததால் வளராமல் போனவை. அப்படியே முழுத் திருத்தம் செய்தால், அந்த ஒடுங்கிய நாடிகளுக்குள் இரத்தத்தைத் தள்ளமாட்டாமல் இதயத்தின் வலது கீழறை களைத்துவிடும். அதனால் கைக்குப் போகும் நாடியிலிருந்து நுரையீரல் நாடிக்கு 3.5 அல்லது 4 மில்லிமீற்றர் செயற்கைக் குழாயொன்றைத் தொடுக்கிறார்கள். ஓட்டம் கூடக் கூட நாடி பருக்கும். 1944இல் அமெரிக்காவின் பால்டிமோரில் சத்திரசிகிச்சை நிபுணர் பிளாலொக், குழந்தை இதய நிபுணர் டௌசிக், ஆய்வுகூட உதவியாளர் விவியன் தோமஸ் மூவரும் தொடக்கிவைத்த வழி இது. அப்போது கைக்குப் போகும் நாடியையே வெட்டித் தொடுத்தார்கள். ஒட்சிசன் கூடிய இரத்தமும் குறைந்த இரத்தமும் இதயத்துக்குள் இன்னும் கலப்பதால் இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 75க்கும் 85 வீதத்துக்கும் இடையில் நிற்பது இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலும் எதிர்பார்த்ததே.

என் பயமெல்லாம் வயிற்றோட்டம்தான். வன்னியின் சித்திரை வெயிலில் இரண்டு தரம் சத்தி எடுத்த பிள்ளையை "நாளைக்குப் பார்ப்பம்" என்று வைத்திருப்போம். ஷன்ட் பிள்ளைக்கு அது சரிவராது. நீலம் பாய்ந்த பிள்ளையின் இரத்தம் ஏற்கெனவே தடிப்பானது. நீரும் குறைந்தால் அந்தச் சின்னக் குழாயில் இரத்தக்கட்டி விழும். ஜீவனிக் கரைசலை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்) பருக்கிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். வாசலிலேயே "ஷன்ட் வைத்த பிள்ளை" என்று சொல்லிவிடுங்கள், கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். காறையெலும்புக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இடைவிடாத இரைச்சல் கேட்கவேண்டும். அது கேட்காவிட்டால் குழாய் அடைபட்டிருக்கலாம், எங்களுக்கும் கைகால் ஓடாது! ஷன்ட் பக்கக் கையில் பிரஷர் பார்த்தால் குறைத்துக் காட்டும், மற்றக் கையை நீட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் டெங்கு நினைவு வரும், இரத்தம் கசியுமோ என்ற பயத்தில் கட்டி விழாமல் கொடுக்கும் அஸ்பிரினை நிறுத்தவும் தோன்றும். நீங்களாக நிறுத்தவேண்டாம், தொடர்ந்து கொடுத்துக்கொண்டு வீட்டிலிருக்கவும் வேண்டாம். அன்றைக்கே வந்தால் நாங்கள் முடிவெடுப்போம்.

அப்புறம், பிள்ளை வளரும், குழாய் வளராது. மாதங்கள் போக நீலம் திரும்பக் கூடுவது அதனால்தான். நாடி எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்த்து அடுத்த ஒப்பரேசனுக்கு நாள் குறிப்பது கிளினிக்கில்தான். அறுவடையோ பஸ் காசோ தடுத்தால் போன் பண்ணி வேறு திகதி கேளுங்கள்.