காலை ஓ.பி.யில் தெரியாத நோய்: மயஸ்தீனியாவைச் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு, வெயில் ஏறும் நேரத்தில் ஒரு கண் இமை சரிகிறது. சாயங்காலம் எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறது. மறுநாள் காலை டோக்கன் எடுத்து டாக்டர் முன் உட்காரும்போது கண் இரண்டும் சரியாக இருக்கும். நரம்பு சொல்வதைத் தசை சரியாகக் கேட்காத மயஸ்தீனியா கிராவிஸ் நோய் கைநழுவிப் போவது பெரும்பாலும் இங்கேதான். இந்த நோயில் தசை உழைத்தால் தளரும், ஓய்ந்தால் தேறும். ஓய்ந்திருக்கும்போது சோதித்தால் நார்மல் என்றுதான் வரும்.

நாகர்கோவிலில் ரயிலேறி, திருவனந்தபுரம் வரை தூங்கிக்கொண்டே போய் டாக்டரைப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல். முந்தின நாள் சாயங்காலமே முகத்தை நேராக வைத்து போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்யாண போட்டோ ஒன்றும் கையில் இருக்கட்டும். இமை எப்போதிலிருந்து இறங்கியது என்பதை அது சொல்லிவிடும்.

ஓ.பி.யிலேயே செய்யக்கூடியவை இரண்டு. கண் சிமிட்டாமல் ஒரு நிமிடத்துக்கு மேல், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேலே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல இறங்கும். பிறகு மூடிய இமைமேல் துணியில் சுற்றிய ஐஸை 2 நிமிடம் வைத்து, எடுத்தவுடன் ஸ்கேலால் அளக்க வேண்டும். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. அளக்கத் தாமதித்தால் இமை பழையபடி இறங்கிவிடும். கண்மணி விரிந்திருந்தால் இது மயஸ்தீனியா அல்ல. மூளை ரத்தக்குழாய் வீக்கமாகக்கூட இருக்கலாம் என்பதால் அன்றே ஸ்கேன் தேவை.

அடுத்தது ஆர்.என்.எஸ்., அதாவது நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் சோதனை. நரம்பை விநாடிக்கு 3 முறை வீதம் 10 முறை மின்சாரத்தால் தூண்டி, தசை தரும் பதிலின் உயரத்தைப் பதிவு செய்வார்கள். முதல் அலையைவிட நான்காவது அலை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பாசிட்டிவ். இதைக் கெடுப்பதில் முதலிடம் ஏ.சி. அறைக்கு. கை குளிர்ந்திருந்தால் குறைவு மறைந்துவிடும். தோல் சூடு 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வெந்நீரில் கையை வைத்துச் சூடேற்றிய பிறகே தொடங்க வேண்டும். இந்த நோய்க்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டர் சம்மதித்தால், 12 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் உள்ளவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. கை அசைந்தாலும் எலக்ட்ரோடு நழுவினாலும் பொய்க் குறைவு வரும். உண்மையான குறைவு படிப்படியாக இறங்கும், திரும்பச் செய்தாலும் அப்படியே வரும். கண்ணில் மட்டும் நோய் உள்ளவருக்குச் சுண்டுவிரல் தசையை மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. முகத் தசையையும் தோள் தசையையும் பார்க்க வேண்டும். அதிலும் பிடிபடாவிட்டால் ஒவ்வொரு தசை இழையின் மின்துடிப்பையும் ஊசியால் பார்க்கும் ஒற்றை இழை இ.எம்.ஜி. இருக்கிறது. நுட்பமானது, ஆனால் பழகிய கை வேண்டும்.

நரம்பின் செய்தியைத் தசையில் வாங்கும் இடத்தைத் தாக்கும் அசிட்டைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி, ரத்தப் பரிசோதனையில், உடல் முழுக்கப் பரவிய நோயில் சுமார் 85 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவாக இருக்கும். கண்ணோடு நிற்பவர்களில் பாதிப் பேருக்குத்தான். நெகட்டிவ் என்றால் இதே நோயில் சிலருக்கு இருக்கும் மஸ்க் என்ற வேறொரு ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழி ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) அல்லது பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிடுவது நல்லது. நோய் உறுதியானதும் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி உண்டா என்று அறிய நெஞ்சு சி.டி., கூடவே தைராய்டு சோதனை. சாதாரண எக்ஸ்ரேயில் சிறிய கட்டி தெரியாது.

தசை வலுப்பெறுகிறதா என்று நியோஸ்டிக்மின் ஊசி போட்டுப் பார்ப்பது இன்னும் சில இடங்களில் உண்டு. இதயத் துடிப்பு குறைந்தால் போட அட்ரோபின் ஊசியும், மானிட்டரும் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம்.

இந்தச் சோதனைகள் எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. பேச்சு மூக்கால் வருகிறது, கஞ்சி குடித்தால் மூக்கில் ஏறுகிறது, தலையைத் தூக்கி வைக்க முடியவில்லை என்றால், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 20 வரை போக முடியாவிட்டால், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ வேறு எதுவோ, வென்டிலேட்டர் உள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். மூச்சுத் தசை தளரும்போது அந்த எண் கடைசியில்தான் இறங்கும்.