கறுப்புப் பெட்டிக்குள் புகுந்த வெயில்

"சார், காலையில 1.1 காட்டுச்சு. மத்தியானம் அதே பாட்டில் தண்ணிக்கு 1.6 காட்டுது. எதை எழுதட்டும்?"

தர்மபுரிப் பக்கம் ஒரு சிறிய நீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த அழைப்பு இது. நாங்கள் வடிவமைத்துக் கொடுத்த ஃபுளோரைடு மீட்டரைப் பற்றித்தான் அந்தப் பெண் கேட்டார். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 ஏற்றுக்கொள்ளும் அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை. காலையில் 'பரவாயில்லை' என்ற போர் தண்ணீரை மத்தியானம் 'வேண்டாம்' என்றது எங்கள் கருவி. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிறகே ஊருக்குத் தெரிகிறது. அதற்கு முன்னால் அவர்கள் கையில் இருப்பது இந்த எண் ஒன்றுதான்.

அளக்கும் முறை எளிது. 10 மி.லி. நீரில் 2 மி.லி. ஸ்பாட்ன்ஸ் கரைசலைக் கலந்தால் சிவக்கும். அதிலுள்ள சாயமும் சிர்கோனியம் என்ற உலோகமும் சேர்ந்திருப்பதால் வரும் சிவப்பு அது. நீரில் ஃபுளோரைடு இருந்தால் சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நிறம் வெளுக்கும். 570 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, எவ்வளவு வெளுத்தது என்று பார்க்கிறோம். (கடையில் பச்சை எல்.இ.டி. என்று கேட்டால் இன்று பெரும்பாலும் 525 பக்கத்தில் உள்ளதைத்தான் தருவார்கள். நமக்கு வேண்டியது பழைய மஞ்சள்பச்சை வகை. புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பலர் இந்த இடத்திலேயே வழுக்குகிறார்கள்.) வெறும் நீரை வைத்து முழு ஒளியைப் பதிவு செய்துகொண்டு, பிறகு கரைசலை வைத்து மிச்ச ஒளியை அளப்போம். கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பதைச் சொல்லும் எண்தான் உறிஞ்சளவு. பத்தில் ஒரு பங்கு ஒளி வந்தால் உறிஞ்சளவு 1. நூற்றில் ஒரு பங்கு வந்தால் 2.

எல்.இ.டி., வந்து சேரும் ஒளியை அளக்கும் ஒளி டையோடு, ஒரு சிறிய சர்க்யூட், 3டி பிரிண்டரில் அடித்த கறுப்புப் பெட்டி. இவ்வளவுதான் கருவி. கையில் அடங்கும், பேட்டரியில் ஓடும். எங்கள் மேசையில் ஒரு வாரம் சோதித்தும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. எங்கள் மேசை இருந்தது ஜன்னல் இல்லாத அறையில்.

நேரில் போய்ப் பார்த்தபோது கருவி மேற்கு ஜன்னலோரம் இருந்தது. மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. மேலே கறுப்புத் துணி போட்டோம், கொஞ்சம்தான் மாறியது. சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினோம், காலையில் காட்டிய எண் திரும்பி வந்தது. வெயில் பெட்டிச் சுவரைக் கடந்தே உள்ளே போயிருக்கிறது! கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் பலவும் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிடும். சிலிக்கன் டையோடுக்கோ 900 நானோமீட்டர் பக்கம்தான் பார்வை அதிகம். உங்களிடம் இருக்கும் பிளாஸ்டிக்கை டிவி ரிமோட்டின் முனையில் இடைவெளியின்றிப் பொத்திப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். சேனல் மாறினால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்கு ஆகாது.

தவறு எங்களுடையது. இருட்டு அளவை, அதாவது எல்.இ.டி. அணைந்திருக்கும்போது டையோடு காட்டுவதை, காலையில் சுவிட்ச் போடும்போது ஒருமுறை மட்டும் எடுக்கும்படி நிரல் எழுதியிருந்தோம். மத்தியான வெயில் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. கூடுதல் ஒளி வந்ததால் நிறம் வெளுத்ததாகவும், வெளுத்ததால் ஃபுளோரைடு அதிகம் என்றும் கருவி சொன்னது. இப்போது ஒவ்வொரு அளவீட்டிலும் எல்.இ.டி.யை அணைத்து அணைத்து எரியவிட்டு, இரண்டுக்குமான வித்தியாசத்தையே எடுக்கிறோம். டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குவதால், அணைந்த அளவையும் எரியும் அளவையும் தலா 100 மில்லிநொடி சேர்த்து எடுத்துச் சராசரி பார்க்கிறோம். ஆனாலும் பெட்டி இருட்டாக இருந்தே ஆக வேண்டும். வெயிலிலேயே சர்க்யூட் நிரம்பிவிட்டால் கழிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இதைவிடப் பொல்லாதது இன்னொரு கசிவு. எல்.இ.டி.யின் ஒளியே கரைசலுக்குள் போகாமல், கியூவெட்டின் (கரைசலை ஊற்றி வைக்கும் ஒளி புகும் சிறு குப்பி) சுவர் வழியாகவும் ஓரமாகவும் சுற்றிக்கொண்டு டையோடுக்கு வந்து சேரும். அணைத்து எரித்துப் பார்த்தாலும் இது அகப்படாது. அப்படி 1 சதவீதம் கசிந்தால் உண்மையில் 1 ஆக இருக்க வேண்டிய உறிஞ்சளவு 0.96 என்று வரும்; 2 இருக்க வேண்டியது 1.70 என்று வரும். மையை ஊற்றி வைத்தாலும் அந்தக் கருவி 2-ஐத் தாண்டாது. ஸ்பாட்ன்ஸ் முறையில் ஃபுளோரைடு இல்லாத நீர்தான் அதிகம் சிவந்திருக்கும் என்பதால், நல்ல தண்ணீரை அளக்கும்போதுதான் இந்தக் கசிவு அதிகம் ஏமாற்றும். வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: ஒளி புகாத கட்டை ஒன்றை கியூவெட் இடத்தில் வைத்தால் எத்தனை சதவீதம் காட்டும்? இதற்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் செயலி, புளூடூத், தொடுதிரை என்று எத்தனை இருந்தாலும் வாங்காதீர்கள்.

சாயக் கரைசல் ஒன்றைப் பாதிப் பாதியாக நீர்த்துப் பாருங்கள். உறிஞ்சளவும் பாதிப் பாதியாகக் குறைய வேண்டும். ஒரே கியூவெட்டைப் பத்து முறை எடுத்து எடுத்து வையுங்கள். பத்தும் ஒன்றாக வராவிட்டால் அது அமரும் இடம் தளர்ந்திருக்கிறது. எல்.இ.டி. சூடேறினால் வெளிச்சம் குறையும். அதை மட்டும் கண்காணிக்க இரண்டாவது டையோடு ஒன்றை வைத்தோம். செலவு சில பத்து ரூபாய். அதைச் சேர்க்க நான் தயங்கியதே இல்லை.

திரையில் 1.487 என்று காட்டுவதையும் நிறுத்தினோம். எங்கள் கருவியை அந்த மூன்றாம் தசமம் வரை நம்ப முடியாது. இப்போது ஒரு தசமம் மட்டுமே வரும். 1.4 முதல் 1.6 வரை வந்தால் எண்ணுடன் 'மறுசோதனை' என்றும் வரும். அந்த மாதிரியை அயனி மின்முனை (நிறத்தைப் பார்க்காமல் ஃபுளோரைடை நேரடியாக அளப்பது) வைத்திருக்கும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எண் முழுசாக வரவில்லையே என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒரு கிணற்றுக்கு 'குடிக்க வேண்டாம்' என்று சிவப்புப் பெயின்ட் அடிப்பதா வேண்டாமா என்பது அந்த எண்ணில் இருக்கும்போது, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு கருவியோடும் கியூவெட் அளவில் ஒரு அலுமினியக் கட்டையும் அனுப்புகிறோம். தினமும் காலையில் அதை வைத்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். போன மாதம் தர்மபுரியிலிருந்து அதே பெண் அழைத்தார். "சார், கட்டை 0.9 காட்டுது. இன்னிக்கு டெஸ்ட் எதுவும் போடல." கரைசல் சிந்தி, கியூவெட் அறையின் ஓரத்தில் காய்ந்து, படலமாக ஒட்டியிருந்திருக்கிறது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். 0.1 வந்தது. அதன் பிறகுதான் அன்றைய பாட்டில்களை எடுத்தார்.