அழகான மாதிரி உண்மையைச் சொல்லவிடாது

ஏழு நாள், நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் 21 அறை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் ஆறேழு மாத்திரை போடுகிற பெரியவர்களுக்காகச் சில வருடங்களுக்கு முன் கோவையில் நாங்கள் ஒரு மாத்திரைப் பெட்டி வடிவமைத்தோம். மூன்று மாதம் கணினியிலேயே வரைந்து, திருத்தி, வேளைக்கு ஒரு நிறம் கொடுத்து, மூடி திறக்கும் சத்தம் வரை பார்த்துப் பார்த்து த்ரீடி பிரிண்ட் எடுத்துப் பத்து வீடுகளில் கொடுத்தோம். எல்லாரும் "ரொம்ப நல்லா இருக்குது" என்றார்கள். அதை நம்பி, பெட்டியை மொத்தமாக வார்ப்பதற்கான மோல்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்துப் போனால், ஒரு பாட்டி வீட்டில் அந்தப் பெட்டிக்குள் ஊக்கும் பட்டனும் இருந்தன. மாத்திரைகள் வழக்கம்போல மஞ்சள் பையில்.

"பிரிச்சுப் போட்டுட்டா எது எதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு. அட்டையப் பாத்தாத்தான் தெரியும். பச்சை அட்டை சாப்பாட்டுக்கு முன்னாடி, வெள்ளி அட்டை ராத்திரிக்கு."

மொத்தத் திட்டமும் அந்த இரண்டு வரியில் முடிந்துபோனது. அன்றைக்கே ஏன் பாட்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "இவ்வளவு செலவு பண்ணிச் செஞ்சு கொண்டாந்திருக்கீங்க, எப்படிக் குறை சொல்றது?"

தப்பு அவர் மேல் இல்லை. வீடு தேடி வந்தவர் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற மனிதரிடம், முடிந்துபோன பொருள் மாதிரி தெரிகிற ஒன்றை நீட்டினோம். பாராட்டுவதைத் தவிர வேறு வழியே அவருக்கு வைக்கவில்லை.

அடுத்த முறை பழைய ஷூ பெட்டி, பிளேடு, பசை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் நிறுத்திவைக்கிற மாதிரி அங்கேயே வெட்டி ஒட்டினோம். அதே பாட்டி பத்து நிமிஷத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார்! இது விழும், இது கைக்கு எட்டாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இரண்டு மணி நேரத்தில் நான்கு மாதிரிகள் கெட்டன, ஒவ்வொன்றும் எதையாவது கற்றுக்கொடுத்துவிட்டே கெட்டது. மருந்துக்கடையில் அட்டையை நறுக்கி நான்கு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று கொடுக்கிறார்கள், அதனால் அட்டையின் நீளம் எப்போதும் ஒன்றாக இருக்காது, சிலசமயம் மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. மூன்று மாதம் திரை முன்னால் உட்கார்ந்தும் எங்களுக்கு இது தோன்றவில்லை.

டிசைன் திங்கிங், அதாவது பயன்படுத்துகிறவரிடமிருந்து தொடங்கி வடிவமைக்கிற முறை, என்றதும் பலரும் சுவரில் ஒட்டும் வண்ணச் சீட்டுகளோடு நின்றுவிடுகிறார்கள். புரோட்டோடைப், அதாவது மாதிரி செய்து பார்க்கிற கட்டத்துக்கு வரும்போது பணமும் ஆசையும் முழுதாக இறங்கியிருக்கும், தோல்வியைத் தாங்க மனசு வராது. கையடக்கக் கணினிகளை வடிவமைத்த அமெரிக்கர் ஜெஃப் ஹாக்கின்ஸ் கதையை இதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவருடைய பாம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 1993இல் வந்த ஜூமர் என்ற கையடக்கக் கருவி விலைபோகவில்லை. வாங்கியவர்களிடமே போய்க் கேட்டபோது, தங்களுக்குப் போட்டி வேறொரு கணினி அல்ல, காகித டைரிதான் என்று புரிந்தது. அடுத்த கருவிக்கு அவர் முதலில் செய்தது சட்டைப் பையில் அடங்குகிற ஒரு மரத்துண்டு. அதைப் பல வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு, யாராவது சந்திக்க நேரம் கேட்டால் வெளியே எடுத்துக் குறித்துக்கொள்வது போல நடித்துப் பார்த்தார். பின்னாளில் பாம் பைலட் என்று பேர் வாங்கிய அந்தக் கருவி 1996இல் பைலட் என்ற பெயரில் வந்தது.

கருத்துப் படிவத்தை நம்புகிறவர்களுக்கு நம் கோவை முருகானந்தம் பட்டபாடு தெரிந்திருக்க வேண்டும். மலிவு விலை நாப்கின் மாதிரிகளை மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துப் படிவம் வாங்கினார், கடைசியில் பார்த்தால் சிலரே எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார்.

"நல்லா இருக்கா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், கை எங்கே தயங்குகிறது என்று பாருங்கள், அன்று ராத்திரியே எழுதி வையுங்கள். எது நடந்தால் இந்த யோசனையைக் கைவிடுவோம் என்பதையும் போவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், திரும்பி வந்தபிறகு மனசு சமாதானம் தேடும். எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் வாரம் கணினியைத் தொட விடுவதில்லை. ஷூ பெட்டியும் பிளேடும் மட்டும்தான்.