ஹெல்ப் டு பை ஈக்விட்டி லோன்: அஞ்சு வருஷம் முடிஞ்சா வட்டி எவ்வளவு, விக்கும்போது அரசாங்கத்துக்கு எவ்வளவு

இங்கிலாந்துல ஹெல்ப் டு பைங்கிற அரசாங்கத் திட்டத்துல ஈக்விட்டி லோன் எடுத்து புது வீடு வாங்குன நம்ம ஆளுங்களுக்கு ஒவ்வொருத்தரா வட்டியில்லாத அந்த அஞ்சு வருஷம் முடிஞ்சுகிட்டு வருது, 2022ல சாவி வாங்குனவங்களுக்கு 2027ல முடியும், அதுக்கப்புறம் மாசாமாசம் வட்டி கட்டணும். வாங்குற அவசரத்துல எல்லா பேப்பரையும் உக்காந்து படிச்சவங்க ரொம்ப கம்மி, பில்டரோட சேல்ஸ் ஆபீஸ்ல "முதல் அஞ்சு வருஷம் வட்டியே கிடையாது"ன்னு சொன்னது மட்டும்தான் மனசுல நிக்குது. அதான் விதியெல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு. இங்கிலாந்துல இந்தத் திட்டம் முடிஞ்சுபோச்சு, புதுசா யாரும் அப்ளை பண்ண முடியாது. 2013 ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்க, 2021 வரைக்கும் ஏற்கனவே வீடு வச்சிருந்தவங்க அதை வித்துட்டு வேற வீடு மாறுறதுக்குக்கூட எடுக்கலாம், வீட்டு விலை 6 லட்சம் பவுண்டுக்குள்ள இருந்தா போதும். 2021ல இருந்து முதல் தடவை வீடு வாங்குறவங்களுக்கு மட்டும்னு மாத்துனாங்க. 2022 அக்டோபர் 31ஓட விண்ணப்பம் வாங்குறத நிறுத்திட்டாங்க. மொத்தமா ஏறக்குறைய 3 லட்சத்து 87 ஆயிரம் வீடு இந்த லோன்ல போயிருக்கு. வேல்ஸ்ல தனியா ஒரு திட்டம் ஓடுது, அதைப் பத்தி கீழ சொல்றேன்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். விலையில குறைஞ்சது 5% நம்ம கையில இருந்து டெபாசிட், 20% வரைக்கும் அரசாங்கம் லோன், மீதி பேங்க் மார்ட்கேஜ். லண்டன்ல மட்டும் 2016ல இருந்து 40% வரைக்கும் குடுத்தாங்க. உதாரணத்துக்கு 3 லட்சம் பவுண்ட் வீடு, நம்ம டெபாசிட் 15,000, அரசாங்கம் 60,000, பேங்க் 2,25,000. இதுல எல்லாரும் அந்த 60,000த்தை ஒரு கடன் தொகையா மனசுல வச்சுக்குறாங்க. அது தொகை இல்லங்க, பங்கு. நீங்க வாங்குனது 60,000 பவுண்ட் கடன்னு இல்ல, வீட்டோட மதிப்புல 20% அரசாங்கத்துக்குன்னுதான் கையெழுத்து போட்டிருக்கீங்க. வீடு 3,60,000த்துக்கு ஏறுனா திருப்பிக் குடுக்க வேண்டியது 72,000. 2,70,000த்துக்கு இறங்குனா 54,000 போதும். லாபத்துலயும் நஷ்டத்துலயும் அரசாங்கம் ஒரு பங்காளி, இது ஒண்ணு புரிஞ்சா மத்த விதியெல்லாம் ஏன் அப்படி இருக்குன்னு தானா புரியும்.

வாங்கும்போது இருந்த விதிகள்ல ரெண்டு விஷயம் நம்ம ஆளுங்களை நேரா தொட்டுச்சு. 2021க்கு அப்புறம் ஏரியா ஏரியாவா விலை உச்சவரம்பு வச்சாங்க, லண்டனுக்கு 6,00,000, தென்கிழக்குக்கு 4,37,600, கிழக்கு இங்கிலாந்துக்கு 4,07,400, கிழக்கு மிட்லண்ட்ஸுக்கு 2,61,900, வடகிழக்குக்கு 1,86,100. இது லோனுக்கான வரம்பு இல்ல, வீட்டோட முழு விலைக்கான வரம்பு. மில்டன் கீன்ஸ் தென்கிழக்குல வருது, அங்கிருந்து ரயில்ல கொஞ்ச நேரத்துல போயிடுற நார்தாம்ப்டன் கிழக்கு மிட்லண்ட்ஸ். அதாவது மில்டன் கீன்ஸ்ல 4 லட்சத்துக்கு வீடு பாத்தா லோன் உண்டு, அதே குடும்பம் விலை கம்மியா கிடைக்கும்னு நார்தாம்ப்டன் போய் 2,80,000த்துக்கு ஒரு வீடு பாத்தா லோன் கிடையாது. விலை கம்மியான வீட்டை வாங்கப் போனவங்களுக்கு உதவி இல்லன்னு சொன்ன இந்த எல்லைக்கோடு எனக்கு நியாயமாவே படல.

இன்னொண்ணு "முதல் வீடு" விதி. இங்கிலாந்துல முதல் வீடுன்னு அர்த்தம் இல்ல, உலகத்துல எங்கயுமே இப்பவோ முன்னாடியோ சொந்த வீடோ குடியிருப்பு மனையோ இருந்திருக்கக்கூடாது. செங்கல்பட்டு பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பிளாட் வாங்கிப் போட்டிருந்தாலும் கணக்குல வரும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்துதான் அப்ளை பண்ணணும், ரெண்டு பேர்ல ஒருத்தர் பேர்ல ஊர்ல வீடு இருந்தாலும் தகுதி போச்சு. 2021க்கு முந்தின திட்டத்துல இவ்வளவு கெடுபிடி இல்ல, வாங்குற நேரத்துல வேற வீடு கையில இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இது தவிர வாங்குற வீடு புதுசா கட்டுனதா இருக்கணும், திட்டத்துல பதிவு பண்ண பில்டர்கிட்ட வாங்கணும், அசலும் வட்டியும் சேர்த்து கட்டுற மார்ட்கேஜா இருக்கணும், அது வருமானத்துல நாலரை மடங்கைத் தாண்டக்கூடாது, வாங்கிட்டு வாடகைக்கு விடக்கூடாது. கடைசியா சொன்னது இன்னைக்கும் பொருந்தும், லோன் முழுசா அடையுற வரைக்கும் அந்த வீட்டுல நீங்கதான் குடியிருக்கணும். வேலை மாறி வேற ஊருக்குப் போறோம், வீட்டை வாடகைக்கு விட்டு அதுலயே மார்ட்கேஜ் கட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, ரொம்ப விசேஷமான காரணம் இருந்தா மட்டும்தான் அனுமதி கிடைக்கும், அதுவும் இந்த லோனைப் பாத்துக்குற அரசாங்க அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்துகிட்டயும் பேங்க்கிட்டயும் எழுத்துல வாங்கணும்.

வட்டி கணக்குலதான் நிறைய பேர் பயந்துபோறாங்க, கொஞ்சம் நிதானமா பாருங்க. முதல் அஞ்சு வருஷம் மாசம் 1 பவுண்ட் நிர்வாகக் கட்டணம் மட்டும். ஆறாவது வருஷம் 1.75% வட்டி. இது வாங்குனப்போ குடுத்த லோன் தொகைக்குத்தான், இன்னைக்கு வீடு ஏறுன மதிப்புக்கு இல்ல. 60,000த்துக்கு வருஷம் 1,050, மாசம் 87 பவுண்ட் 50 பென்ஸ். அதுக்கப்புறம் வருஷா வருஷம் அந்த வட்டி விகிதம் ஏறும், 2021க்கு முந்தின லோனுக்கு சில்லறை விலைவாசிக் குறியீடான ஆர்.பி.ஐ. கூட 1%, பிந்தின லோனுக்கு நுகர்வோர் விலைக் குறியீடான சி.பி.ஐ. கூட 2%. இதைப் படிச்சிட்டு, 2021க்கு முந்தின லோன்ல விலைவாசி 3% ஏறுச்சுன்னா வட்டி 1.75ஓட 4 (3 கூட 1) கூட்டி 5.75% ஆயிடும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. அந்த 1.75ங்கிற எண்ணையே 4% ஏத்துவாங்க, 1.82 ஆகும். மாசம் 91 பவுண்ட். அந்த வருஷம் ஏத்தம் மூணு பவுண்ட் 50 பென்ஸ்தான். விலைவாசி எகிறுன 2022 மாதிரி வருஷத்துல ஏத்தமும் பெருசா இருக்கும், அதோட ஒரு தடவை ஏறுன விகிதத்து மேலதான் அடுத்த வருஷ ஏத்தமும் உக்காரும், ஆனாலும் பேங்க் வட்டியோட வச்சுப் பாத்தா ஆரம்ப வருஷங்கள்ல இது கம்மிதான்.

ஆனா இங்க ஒரு முக்கியமான விஷயம், இந்த வட்டி கட்டுறதால அசல்ல ஒரு பென்னி கூட குறையாது. பத்து வருஷம் ஒழுங்கா கட்டுனாலும் அரசாங்கத்தோட பங்கு அதே 20%தான். அதனால "வட்டி கம்மியா இருக்கே, அப்படியே விட்டுடலாமா"ங்கிறது வட்டியை மட்டும் பாத்து முடிவு பண்ற கேள்வி இல்ல. உங்க ஏரியாவுல வீட்டு விலை வருஷம் 4% ஏறுதுன்னு வச்சுக்கோங்க, அந்த 20% பங்கும் அதே வேகத்துல ஏறும், கட்டுற வட்டி அதுக்கு மேல தனி. விலை அசையாம நிக்குற ஏரியான்னா அவசரப்படத் தேவையில்ல. ரெண்டையும் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

திருப்பிக் கட்டுறது இப்படித்தான் நடக்கும். கையில காசு வரும்போதெல்லாம் நூறு இருநூறுன்னு கட்ட முடியாது, ஒண்ணு மொத்தமா கட்டணும், இல்லன்னா வீட்டோட இன்னைய மதிப்புல குறிப்பிட்ட சதவீதத்துக்குக் குறையாம ஒரே தடவையா கட்டணும். அந்த மதிப்பை ஆர்.ஐ.சி.எஸ்.ங்கிற சர்வேயர்களோட தொழில் அமைப்புல பதிவு பெற்ற, வீட்டு மதிப்பு போடுற சர்வேயர் ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்து பாத்து எழுதிக் குடுக்கணும், அவர் உங்க சொந்தக்காரரா இருக்கக்கூடாது, எஸ்டேட் ஏஜென்ட் சொல்ற விலை செல்லாது, பக்கத்துல வித்த இதே மாதிரி வீடுகளோட விலையும் ரிப்போர்ட்ல இருக்கணும். அந்த ரிப்போர்ட் மூணு மாசம்தான் செல்லும். நிறைய பேர் மாட்டுறது இங்கதான், முதல்ல சர்வேயரைக் கூப்பிட்டுட்டு அப்புறம் லோனை அடைக்க மார்ட்கேஜ் தேடுறாங்க, சொலிசிட்டர் வேலை இழுக்குது, மூணு மாசம் ஓடிடுது, மறுபடியும் ஃபீஸ். பேங்க்ல ஆஃபர் ஓரளவு உறுதியான பிறகு சர்வேயரைக் கூப்பிடுங்க.

விக்கும்போதும் இதே சர்வே வேணும். சர்வேயர் சொன்ன மதிப்பு, நிஜமா வித்த விலை, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுல இருந்துதான் அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கும். தெரிஞ்சவங்களுக்கு விலை குறைச்சுக் குடுத்தா அந்தக் குறைச்சல் முழுசா உங்க பங்குல இருந்துதான் போகும். 25 வருஷம் முடிஞ்சாலோ, அதுக்கு முன்னாடியே பேங்க் மார்ட்கேஜ் தீர்ந்தாலோ வீட்டை விக்காட்டியும் லோனை அடைச்சே ஆகணும்.

மார்ட்கேஜ் டீல், அதாவது பேங்க்கிட்ட பேசி வச்ச ரேட்டுக்கான காலம், முடியும்போது அதே பேங்க்ல, கடனைக் கூட்டாம, புது ரேட்டுக்கு மாறுறதுல பிரச்சனை இல்ல. வேற பேங்குக்கு மாறுனா, வீட்டு மேல அரசாங்கத்துக்கு இருக்குற ரெண்டாவது உரிமை புது பேங்குக்குப் பின்னாடியே நிக்கும்னு ஒரு பத்திரம் போடணும், அதுக்கு ஹோம்ஸ் இங்கிலாந்து சம்மதம் வேணும், வாரக்கணக்குல ஆகும், டீல் முடியுறதுக்கு பல மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. கார் வாங்க, ஊர்ல வீடு கட்டன்னு மார்ட்கேஜ்ல கூடுதலா கடன் வாங்க விட மாட்டாங்க, இந்த லோனை அடைக்கவே கூடுதலா வாங்குறேன்னா அனுமதி உண்டு. எக்ஸ்டென்ஷன், லாஃப்ட் கன்வர்ஷன் மாதிரி பெரிய வேலைக்கும் முன்கூட்டியே அனுமதி வேணும்.

வேல்ஸ்ல வாங்க நினைக்கிறவங்களுக்கு: அங்க இதே மாதிரி 20% வரைக்கும் குடுக்குறாங்க, புது வீடுதான், விலை உச்சவரம்பு 3 லட்சம் பவுண்ட், முதல் வீடா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, பதிவு பண்ண பில்டரா இருக்கணும். 2026 செப்டம்பர் வரைக்கும்னு நீட்டிச்சிருந்தாங்க, அதனால புக்கிங் பணம் குடுக்குறதுக்கு முன்னாடி திட்டம் ஓடுதான்னு வேல்ஸ் அரசாங்கத்தோட தளத்துலயே பாத்துடுங்க, சேல்ஸ் ஆபீஸ்ல சொல்றதை மட்டும் நம்பாதீங்க. போட்டிருக்குற விலை முழு விலையா, இல்ல அரசாங்கப் பங்கைக் கழிச்ச 80% விலையான்னும் கேளுங்க.